நல்ல நாளில் வைத்த கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை நான் கனேடியப் பிரஜை ஆகிவிட்டேன்!

வலது கையை உயர்த்துங்கள் என்றார்கள். இருந்த சந்தோஷத்தில் நான் இரண்டையும் உயர்த்திவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். சத்தியப்பிரமாணத்தை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். சொன்னேன்... கத்தினேன் என்றும் சொல்லலாம்.

எதற்கு இவ்வளவு துள்ளல்? என் தங்கை கௌரி லண்டனில் இருக்கிறாள். கலியாணம் நிச்சயமாகிவிட்டது. என் இலங்கைப் பாஸ்போர்ட்டில் இரண்டு தரம் விசா கேட்டேன். இரண்டு தரமும் கிடைக்கவில்லை. கனேடியப் பாஸ்போர்ட் என்றால் லண்டனுக்கு விசாவே தேவையில்லை. அம்மா, அப்பா இல்லாத எங்களுக்கு நான் அவளுக்கு, அவள் எனக்கு. "நீ வராமல் நான் மணவறையில இருக்கமாட்டன் அக்கா" என்றுவிட்டாள். மாப்பிள்ளை பாவம், அவரும் தலையாட்டினார். ஆக, என் குடியுரிமைக்காக லண்டனில் ஒரு கலியாணமே காத்துக்கொண்டிருந்தது.

பி.ஆர். கார்டு, அதாவது நிரந்தர வதிவிட அட்டை, வைத்திருப்பவர் பிரஜையாக என்ன வேண்டும்? விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து வருடத்துக்குள் 1095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். வரி ஒழுங்காகப் பதிந்திருக்க வேண்டும். ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியும் என்று காட்ட வேண்டும். சோதனையில் இருபது கேள்விக்குப் பதினைந்தாவது சரியாக வேண்டும். எளிதுதானே? ஆனால் எங்கள் வீட்டில் எளிதான காரியம் எது எளிதாக நடந்திருக்கிறது?

என்னை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட என் கணவர் பழைய பிரஜை. அதனால் இந்த விஷயத்தில் தன்னை ஒரு மந்திரி என்றே நினைப்பு. சமையலறைக் கலண்டரில் நாள்களை எண்ணியது நான். பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்தது அவர்.

"இஞ்சரும், வாற வியாழன் அருமையான நாள். காலமை எட்டு மணிக்குள்ள கையெழுத்தை வையும்."

"அண்டைக்கு இன்னும் நாலு நாள் குறையுமப்பா."

"அதுக்கென்ன? ஒரு கிழமை கழிச்சுத்தானே தபால்ல போடப்போறம். அதுக்கிடையில நாலு நாளும் வந்திடும்."

இதில் என்ன பிழை என்று தெரிகிறதா? எனக்கும் அப்போது தெரியவில்லை. குத்துவிளக்கு ஏற்றி, சாமிப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கையெழுத்தும் வியாழக்கிழமைத் திகதியும் போட்டேன். அவர் படிவத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். அடுத்த கிழமை அனுப்பினோம்.

மூன்று மாதத்தில் உறை திரும்பி வந்தது — மஞ்சளோடு! கையெழுத்து வைத்த நாளிலிருந்துதான் பின்னோக்கி எண்ணுவார்களாம். அன்றைக்கு எனக்கு இருந்தது 1091 நாள்.

அன்று நான் அழுதேன். கௌரிக்குச் சொல்லப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் சொன்னபோது, "சரி அக்கா, கலியாண ஹோல் புக்கிங்கைத் தள்ளிப் போடுறன்" என்றாள். ஒரு சொல் கோபமில்லை. அதுதான் கூட வலித்தது. கணவர் ஒரு கிழமைக்குப் பஞ்சாங்கத்தின் பக்கமே போகவில்லை. தேத்தண்ணியும் அவரே போட்டார்.

இரண்டாம் தரம் நல்ல நாளாவது, நேரமாவது! சென்ட் லோரன்ட் பகுதியில் நான் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலையில், மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஒரு கையில் பாண், மற்றக் கையில் பேனை. வைத்தேன் கையெழுத்தை. நாள் கணக்கு தாராளமாக இருந்தது. நீங்களும் கொஞ்ச நாள் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், சொல்லிவிட்டேன்.

சோதனையில் இருபதுக்கு இருபது!

"நீங்கள் எத்தினை எடுத்தனீங்கள்?" என்று கணவரைக் கேட்டேன்.

"அது பழைய சோதனை. இதைவிடக் கஷ்டம்" என்றார். எத்தனை என்று இன்றுவரை சொல்லவில்லை.

யோசித்தால் சிரிப்பு வருகிறது. நாங்கள் ஒரு நல்ல நாளைத் தேடிக்கொண்டிருந்தோம்... கனடா கேட்டது வெறும் நாள்களைத்தான். பஸ்ஸுக்கு விறைத்து நின்ற நாள், காரைச் சுற்றிப் பனி அள்ளிய நாள், தெப்பனேர் என்கிற மூலைக்கடையில் பாலை வாங்கி, பிரெஞ்சில் நன்றிக்கு "மெர்சி" சொல்ல வெட்கப்பட்டு ஓடிவந்த நாள் — ஒன்றைக்கூட விடாமல் எண்ணியிருக்கிறார்கள்!

சத்தியப்பிரமாணம் எத்தனை மணிக்கு வைத்தார்கள் தெரியுமா? செவ்வாய் பின்னேரம் மூன்று மணி. அசல் ராகுகாலம்! கணவர் பஞ்சாங்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். முன்வரிசையில் இருந்து வீடியோ எடுத்தார். இடையிடையே கண்ணைத் துடைத்ததில் பாதி வீடியோவில் கூரைதான் தெரிகிறது.

வெளியே வந்ததும் கௌரிக்கு அழைத்தேன். அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா! அப்ப கலியாணத்துக்கு ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்லச் சொல்லு அத்தானை!"

அவர் முகம் மலர்ந்தது. கை தானாகப் போனை நோக்கி நீண்டது. நான் விடவில்லை.

"கௌரி, ஹோல் எண்டைக்குக் கிடைக்குதோ, அண்டைக்குத்தான் முகூர்த்தம்!"