கங்காணியின் எண்ணிக்கை

ரிங்லெட் பக்கம், தேயிலை மலையோரம் இருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பகல் ஷிப்டுக்கு நான்தான் பொறுப்புத் தாதி. அங்கே இருந்தவர்களில், ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்த ஒருவரை இன்னும் கங்காணி என்றுதான் கூப்பிடுவோம். ஒடிசலான உடம்பு, காதை மூடிய கம்பளித் தொப்பி. பெற்ற மகள் வந்தாலே "நீ யாரும்மா?" என்று கேட்பார். ஆனால் நாலு மணித் தேநீருக்கு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்ததும், தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுத்து எண்ணியது போலவே, விரல் நீட்டித் தலைகளை எண்ணுவார்.

அன்று இரண்டு தாதிகள் லீவு. வேலை நெருக்கடியில், நாலு மணிக்கு ஆளைப் பார்த்து வருகைப் புத்தகத்தில் போட வேண்டிய டிக்கை மூன்று மணிக்கே பதினெட்டுப் பேருக்கும் போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டேன்.

நாலு மணிக்குக் கங்காணி எண்ணி முடித்து என்னிடம் வந்தார். "மிஸ்ஸி, ஒரு ஆளு கொறையுது."

"எல்லாரும் இருக்காங்க லா, கங்காணி. இந்தாங்க, புக்க பாருங்க."

குனிந்து பார்த்தார். "புக்குல இருக்காங்க. நாற்காலியில இல்லியே."

ஜன்னலோர நாற்காலியில் சால்வை மட்டும் கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது. வெளியே பனிமூட்டம், பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஓடினேன். அந்த நாற்காலிக்கார அம்மா வெறுங்காலோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொழுந்துக் கூடையைத் தேடிக்கொண்டிருந்தார். இன்னும் நாலு எட்டு வைத்தால் பள்ளம். கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன்.

நான் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டது வேறு யாருக்கும் தெரியாது. கங்காணியும் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. ஆனால் இப்போதும் எண்ணி முடித்ததும் என் பேனாவை ஒரு பார்வை பார்க்கிறார். மகளையே மறந்தவர் அதை மறந்தாரா? கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.