மூழ்கும் படகில் ஐந்து சீட்டுகள்

மலேசியாவின் பத்து பகாட் நகரில், ஒரு துணித் தொழிற்சாலையில் பகலெல்லாம் காலர் தைக்கும் தவமலர், விருந்துகளில் கதை சொல்லிச் சீட்டு வித்தை காட்டுவாள். தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில், பழங்காலத்து ராஜா ராணி படம் அச்சிட்ட ஐந்து சீட்டுகளில் ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கினாள். நான்கு பேர் தையல்காரர்கள். ஐந்தாமவர் மேனேஜர் கமலநாதன்.

"நடு ஆத்துல படகு மூழ்குது. ஒருத்தர் இறங்கியே ஆகணும்," என்று சீட்டுகளைக் கலைத்துக் கவிழ்த்தபடி தொடங்கினாள்.

கமலநாதன் சிரித்தார். "யார் சீட்டு வருதோ, அவங்களுக்குத்தான் முதல் லெட்டர் லா!"

ஆட்குறைப்புக் கடிதங்கள் வரப்போவது எல்லாருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்ட ராசம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

சீட்டு தானாக வருவதில்லை, தவமலர் நினைப்பதுதான் வரும் என்பது கூட்டத்தில் நின்ற அவள் அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவளைப் போல் வித்தையைச் சுத்தமாகச் செய்ய ஜொகூரிலேயே ஆளில்லை என்று பெருமைப்படுபவன் அவன். அவள் விரல் எந்தச் சீட்டில் நிற்கிறது என்று பார்த்தான். "வேணாம்மா," என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

அவள் சீட்டைத் திருப்பினாள். கமலநாதனின் கையெழுத்து.

ஒருவரும் கைதட்டவில்லை. அவர் அந்தச் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லா செய்றம்மா. திங்கக்கிழமை காலைல ஆபீசுக்கு வந்து என்னைப் பாரு."