கேசட்டின் ஒரு பக்கம் முடிவதற்குள்

மூன்று மணி இருபது நிமிடத்துக்கு மாடிப்படிக் கதவு பூட்டப்பட்டது. அந்த நேரம் எனக்குத் தெரியவந்தது பிறகுதான். கோயிலைத் திறந்து பூட்டி மணியடிக்கும் எங்கள் கோயில்பிள்ளை, வேடசந்தூர் போகும் மூன்றரை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பூட்டியிருக்கிறார். அவர் பூட்டும்போது நான் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் மாடியில், ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனுடன் கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் போகிற சாலையை விட்டு உள்ளே ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நான். மகள் நான்காவது படித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் செல்போனில் பாட்டு ஏற்றிக்கொண்டு திரிய ஆரம்பித்துவிட்ட காலம் அது. கேசட் விற்ற கடைகளில் ரீசார்ஜ் கூப்பன் தொங்கியது. ஆனாலும் எங்கள் பாடற்குழுவுக்கு மட்டும் கேசட்தான். குழுவை நடத்திய பாட்டு வாத்தியார், ஓய்வுபெற்ற பெரியவர், ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாகத் தானே ஹார்மோனியம் வாசித்துப் பாடிப் பதிவுசெய்து கொடுப்பார். பெண்களின் மேல்குரலுக்கு ஒன்று, எங்களைப் போன்ற அடிக்குரல்காரர்களுக்கு ஒன்று. கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வரவேண்டும். என்னிடம் தொண்ணூறுகளில் வாங்கிய வாக்மேன் ஒன்று இருந்தது. மூடி உடைந்து ரப்பர் பேண்டால் கட்டியிருப்பேன். குழுவில் ஓடுகிற நிலையில் இருந்தது அது ஒன்றுதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மறுநாள் ஊர்த் திருவிழா. வெள்ளிக்கிழமை ஒத்திகையில் வாத்தியார் என்னை நிறுத்தி, "தம்பி, நீங்க அரைக் கட்டை எறங்கிப் பாடுறீக. மத்தவுகளையும் இழுத்துக்கிட்டுப் போறீக" என்றார். எனக்கு ரோசமாகப் போய்விட்டது. கேசட்டில் உள்ளபடி பாடியதாகச் சாதித்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாகச் சுற்றும். சுற்று குறைந்தால் சுருதியும் இறங்கும். மூன்று வாரமாக நான் சாகப்போகிற பேட்டரியிடம் பாட்டுப் படித்திருக்கிறேன்.

புது பேட்டரி போட்டு, ஹார்மோனியத்தோடு சரிபார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சனிக்கிழமை மூன்று மணிக்கு மாடிக்கு ஏறினேன். முதல் சுரம் சரியாக இருந்தது. மனதில் பதிந்துபோன பழைய சுருதி போகவேண்டும் என்று ஒரு பக்கம் முழுவதும் கேட்க உட்கார்ந்தேன். அன்று நாலேகாலுக்கு மகளைக் கூட்டிவர வேண்டும். எனக்கு விடுமுறை, அவளுக்குச் சனிக்கிழமையும் பள்ளி உண்டு. வேன் மெயின்ரோட்டு முக்கில் இறக்கிவிடும். வழக்கமாக மனைவி போவாள். அன்று அவள் எரியோட்டில் தங்கை வீட்டில் இருந்தாள். புறப்படும்போது, "பாட்டுல உக்காந்துறாதீக, நாலு மணிக்கு மில்லு பஸ்ஸெல்லாம் அந்த முக்குல தான் திரும்பும்" என்று இரண்டு முறை சொல்லியிருந்தாள். ஒரு தடவை போதாதா என்று நான் கோபித்துக்கொண்டேன்.

மாடிப்படியின் அடியில் இரும்புக் கதவு ஒன்று உண்டு. மைக் செட் ஒருமுறை திருடு போனபிறகு போட்டது. கோயில்பிள்ளை அதைப் பூட்டுவதற்கு முன் படியடியில் நின்று, "மேல யாரும் இருக்கீகளா?" என்று மூன்று முறை கேட்பார். பதில் வராவிட்டால் செருப்புக் கிடக்கிறதா என்றும் பார்ப்பார். அன்றும் மூன்று முறை கேட்டாராம். என் செருப்போ வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரில் இருந்தது. பெண்கள் திருவிழாவுக்காகக் கோயிலைக் கழுவிவிட்டிருந்தார்கள், தடம் பதியக்கூடாதே என்று அங்கேயே கழற்றிவிட்டு வந்திருந்தேன். செல்போனும் ஸ்கூட்டர் பெட்டிக்குள். பூசை நேரத்தில் ஒருமுறை அது அலறி, பங்குச் சாமியார் பீடத்திலிருந்தே என்னை முறைத்ததிலிருந்து அதைக் கோயிலுக்குள் கொண்டுவருவதில்லை. இவ்வளவு ஒழுங்காக இருந்து மாட்டிக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன்.

பக்கம் முடிந்து பொத்தான் டக்கென்று மேலே வந்தபோது மணி மூன்று ஐம்பது. ஹெட்போனைக் கழற்றினேன். வெளியே திருவிழாவுக்காக மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, ஊர் பாஷையில் ரேடியோ, காதைப் பிளந்துகொண்டிருந்தது. காதை முழுதும் மூடும் பெரிய ஹெட்போன் அது, பழைய மாணவன் ஒருவன் கொடுத்தது. வெளியே ரேடியோ போட்டதே எனக்குத் தெரியவில்லை. படியிறங்கிக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. எதுவோ தடுக்கிறது என்று நினைத்து இன்னொரு முறை தள்ளினேன். பிறகு தோளால் இடித்தேன்.

அதன்பின் நான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல எனக்கு இன்றும் முடிவதில்லை. கத்தினேன். சுவரில் காற்றுக்காகப் பதித்த சிமெண்ட் ஜாலியின் ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினேன். ரேடியோவில் பாட்டு மாறியது, அவ்வளவுதான். மாடியிலிருந்து கோயிலுக்குள் குதிக்கலாமா என்று எட்டிப்பார்த்தேன். இருபதடிக்குக் கீழே கல் தரை. குதித்துக் கால் பிழைத்தாலும் பெரிய கதவும் பூட்டித்தான் இருந்தது. ஜாலி வழியே பார்த்தால் ரைஸ்மில் வரைக்கும் ரோடு தெரியும். முக்கு அதற்கு அந்தப் பக்கம். ரைஸ்மில் சுவரைத் தாண்டிப் புழுதி எழுவது மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு முறை புழுதி எழும்போதும் ஒரு பஸ் திரும்புகிறது என்று அர்த்தம். மகள் ரோட்டைக் கடக்கமாட்டாள், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நேரம் நிற்பாள்? ஒன்பது வயது.

மணிக்கயிறு மாடியின் மூலையில்தான் இறங்குகிறது. நான்கு மணிக்கு அதைப் பிடித்து வேகவேகமாக இழுத்தேன். ரைஸ்மில் பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் கோயிலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். திருவிழாவுக்கு முந்தின நாள் மணி வேகமாக அடித்தால் அது சந்தோஷ மணி. யார் வந்து என்னவென்று கேட்கப்போகிறார்கள்?

ஊரை வரவைக்க ஒரு மணிதான் இருந்தது. ஒருமுறை அடித்து, அந்த ஓசை முழுதும் அடங்கியபிறகு அடுத்தது அடிப்பது. சாவு மணி. அதைக் கேட்டால் கல்யாண வீடாக இருந்தாலும் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். யார் என்று கேட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள்.

கயிறு கையிலிருந்தும் நான் உடனே இழுக்கவில்லை. பாட்டு வாத்தியாரின் மனைவி இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். வாத்தியாரம்மா என்று ஊரே கூப்பிடும். போன வாரம்தான் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். இந்த மணி ஒலித்தால் ஊருக்கு ஒரே ஒரு பெயர்தான் ஞாபகம் வரும். வாத்தியார் எங்கே இருந்து இதைக் கேட்பார் என்று யோசித்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்து.

இழுத்தேன். தெரிந்தேதான் இழுத்தேன்.

ஐந்தாவது அடியில் ரேடியோ நின்றது. அந்த அமைதியைப் போல ஒன்றை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. இன்றும் அந்த வாக்மேனில்தான் கேசட் கேட்கிறேன், ஆனால் ஒரு காதில் மட்டும். இன்னொரு காது வீட்டுக்கு.

முதலில் இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி வரும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாத்தியாரம்மாவா?" என்று கேட்டாள். நான் ஜாலி வழியே, யாரும் சாகவில்லை, நான்தான், மாடியில் மாட்டிக்கொண்டேன் என்று கத்தினேன். அவள் அண்ணாந்து பார்த்த பார்வையை என்னால் தாங்கமுடியவில்லை. அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். "உசுரோட இருக்கவரு தனக்குத்தானே மணியடிச்சுக்கிட்டாரப்பா" என்றார் ஒருவர். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். பூட்டை உடையுங்கள் என்று கெஞ்சினேன். பெரிய கதவில் தொங்கிய பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம திண்டுக்கல் பூட்டு சார், சம்மட்டிக்கே அசையாது" என்று கீழே விட்டார் இன்னொருவர். சாவிக்கொத்து கோயில்பிள்ளையின் இடுப்பில், வேடசந்தூரில், திருவிழாப் பூ வாங்கிக்கொண்டிருந்தது.

மகளைப் பற்றிச் சொன்னேன். உடனே ஒருவர் சைக்கிளில் முக்குக்குப் போனார். நாலே முக்காலுக்குத் திரும்பி வந்தார், தனியாக. வேன் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து போய்விட்டதாம். பிள்ளை அங்கே இல்லையாம். டீக்கடையில் நின்ற மில் பெண் ஒருத்தி, யாரோ வயசானவர் ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தாளாம். யார் என்று அவளுக்குத் தெரியவில்லை, வேற்றூர்க்காரி.

நான் படியிறங்கி அந்த இரும்புக் கதவை என்ன செய்தேன் என்பது என் உள்ளங்கைகளில் காயமாக இருந்தது. மறுநாள் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை. மறுபடி ஏறி ஜாலிக்கு வந்தேன். கீழே சிரிப்பவர் யாரும் இல்லை. ரைஸ்மில் பக்கம் ஆட்கள் தேடிப் போயிருந்தார்கள்.

ஐந்து மணி ஆவதற்குச் சற்று முன், எதிர்ப்பக்கத் தெருவிலிருந்து பாட்டு வாத்தியார் வந்தார். சட்டைப் பையில் மருந்துச் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. காலில் செருப்பு இல்லை. இடது கையில் என் மகளின் புத்தகப் பையும் வலது கையில் என் மகளும். அவள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "அப்பா, ஏன் மேல இருக்க?" என்றாள்.

வாத்தியார் ஜாலிக்கு நேர் கீழே வந்து நின்றார். மருந்து வாங்க முக்குக்கு வந்தபோது மணியைக் கேட்டதாகவும், வீட்டுக்கு ஓட எடுத்த காலைத் திருப்பி, பஸ்களுக்கு நடுவே தனியாக நின்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டதாகவும், வயல் குறுக்குவழியில் அவளோடு மெதுவாகத்தான் தன் வீட்டுக்கு நடக்க முடிந்ததென்றும், வீட்டைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வருவதாகவும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வீட்டுல அவ முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா தம்பி. 'எனக்கா மணியடிக்கிறாக'ன்னு கேட்டா. இல்ல, நாளைக்குத் திருவிழா, அதுக்குன்னு சொல்லிட்டு வந்துருக்கேன். வீட்டுக்கு வந்தா நீங்களும் அப்படியே சொல்லுங்க."