கோடு விழாத வெள்ளை

அவளுக்குப் பொறியக்கா என்ற பெயர் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, தீப்பொறி சுட்ட தழும்புகள் பொட்டுப் பொட்டாய்ப் படிந்த கையோடு வெல்டிங் கடை வாசலில் நிற்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? சுற்று வட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு அவள் செய்த கேட்டுகள்தான் காவல். "நான் செஞ்ச கேட்டு சாய்ஞ்சு போச்சுன்னு ஒருத்தர் வந்து சொல்லட்டும், அன்னிக்கே கடையை இழுத்து மூடறேன்" என்பாள். நாற்பத்தாறு வயது வரைக்கும் யாரும் வந்து சொன்னதில்லை.

ஆனால் அவள் பற்றவைத்த ஒரு பொருள் உடைந்துதான் இருந்தது. அது அவள் கணவரின் பந்தய வண்டி.

அவர் எஞ்சின் மெக்கானிக். டூ ஸ்ட்ரோக் எஞ்சினென்றால் அவருக்கு உயிர். இருவருக்கும் ஒரே கூரை, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் எஞ்சின், இந்தப் பக்கம் இரும்பு. பதினோரு வருடங்களுக்கு முன், அவர் எஞ்சினைத் தீட்டிக் கொடுக்க, அவள் ஃப்ரேமைப் பலப்படுத்திக் கொடுக்க, அந்த வண்டியை அவரே பந்தயத்தில் ஓட்டினார். நான்காவது சுற்றில், கைப்பிடி சுழலும் கழுத்துக் குழாய்க்குக் கீழே ஃப்ரேம் இரண்டாக முறிந்தது. அன்று மடங்காமல் போன இடது முழங்கால் இன்றுவரை மடங்கவில்லை.

நாற்பது நாள் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தாள். உடைந்த வண்டி எங்கே போனது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஆனால் மைதானத்தில் காதில் விழுந்த ஒரு வாக்கியம் மட்டும் முள்ளாய்த் தங்கிவிட்டது. போட்டிக்கு வரும் வண்டிகளைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து அனுமதிக்கும் பரிசோதகர் ஒருவர் உண்டு. எல்லோரும் அவரைச் சுத்தியல் என்றே சொல்வார்கள். அவர் நாலு பேர் கேட்கும்படி சொன்னார்: "கரண்டி பிடிக்கிற கை பத்தவச்ச ஃப்ரேம் வேற எவ்வளவு தூரம் தாங்கும்?"

அன்றிலிருந்து பொறியக்கா வண்டியைத் தொடவில்லை. ஸ்டாண்டு உடைந்தது என்று யாராவது தள்ளிக்கொண்டு வந்தால்கூட, "வேற இடம் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

இப்படி இருந்தவளிடம்தான் அவள் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மூட்டைத் துருவைக் கொண்டுவந்து இறக்கினாள்.

நாத்தனார் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுபவள். முப்பத்தெட்டு வயது. ஐம்பது குழந்தைகளை ஒரு அதட்டலில் அடக்குகிற தொண்டை. பள்ளி வாட்ச்மேன் வீட்டுக் கொட்டகையில் நாற்பது வருடமாகக் கிடந்த டூ ஸ்ட்ரோக் வண்டி அது. ஹெட்லைட் கூட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது.

"அண்ணி, பழைய வண்டிங்களுக்குன்னே தனிப் போட்டி வைக்கிறாங்களாம். எட்டுச் சுத்து. நான் ஓட்டப்போறேன். எஞ்சினை அண்ணன் பாத்துக்கும். ஃப்ரேம் உங்க பொறுப்பு."

"உனக்கென்ன பைத்தியமா? பஸ்ஸை ஓட்டினோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இரு."

"பஸ்ஸுல முப்பதைத் தாண்டக் கூடாதுன்னு பூட்டு போட்டு வச்சிருக்காங்க அண்ணி. பத்து வருஷமா ஒரு மாட்டு வண்டியைக்கூட நான் முந்தினதில்ல. என் வயித்தெரிச்சலை யார்கிட்டச் சொல்ல?"

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணவரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பொறியக்கா சிரிக்கவில்லை.

"ஃப்ரேமுக்கு வேற ஆளைப் பாரும்மா."

நாத்தனார் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "சரி அண்ணி. அப்ப அந்தச் சுத்தியல் சொன்னது சரிதான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க. நான் போயிடறேன்."

பொறியக்காவுக்குச் சுருக்கென்றது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, துருப்பிடித்த ஃப்ரேமின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

மூன்று மாதம் அந்தக் கூரையின் கீழ் நடந்த வேலையைச் சொல்லி மாளாது. கணவர் சிலிண்டரைக் கழற்றி, புகை வெளியேறும் வாயை நீல மையால் கோடு போட்டுக்கொண்டு, சின்ன அரத்தால் மயிரிழை மயிரிழையாக உயர்த்தினார். ஒரு இழை தப்பினால் சிலிண்டர் குப்பைக்குத்தான். அவர் அரம் பிடிக்கும்போது வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது. கல்லூரி விடுதிக்குப் போய்விட்ட மகளின் ஜியோமெட்ரி டப்பாவிலிருந்த கோணமானியை எஞ்சினின் சுழல் தண்டில் திருகி, அதை வைத்தே பிஸ்டன் அந்த வாயை எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று கணக்குப் பார்த்தார்.

சைலன்சரைப் பொறியக்கா செய்தாள். பந்தய டூ ஸ்ட்ரோக்குக்கு நடுவில் பருத்து, இரு பக்கமும் ஒடுங்கும் சைலன்சர் வேண்டும். பழைய செய்தித்தாளைத் தையற்காரி மாதிரி வெட்டி, சுருட்டி, அளவு பார்த்து, பிறகு அதே வடிவில் தகரத்தை வெட்டிப் பற்றவைத்தாள்.

"என்ன அண்ணி, வண்டி ஏழு மாசம் போல இருக்கே?" என்றாள் நாத்தனார்.

"பிரசவம் மைதானத்துல. நீதான் தாதி. வண்டியில ஒன்பது கிலோ குறைச்சாச்சு, இனி குறைய வேண்டியது ஓட்டுற ஆளுதான்."

"அண்ணா! பாத்தியா உன் பொண்டாட்டி வாயை!"

"அதைக் கல்யாணத்தன்னிக்கே பாத்துட்டேன்" என்றார் அவர், அரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிரிப்பெல்லாம் பகலோடு சரி. கண்ணை மூடினால் பொறியக்காவுக்கு ஃப்ரேம் முறியும் ஓசை கேட்டது. இந்த முறை வண்டி மேல் இருப்பது நாத்தனார். அவளுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

அதனால் கழுத்துக் குழாயின் இரு பக்கமும் கனமான முக்கோணத் தகடுகளை வைத்து, மூலைக்கு மூலை பற்றவைத்தாள். பயம் வந்தபோதெல்லாம் மேலே இன்னொரு வரிசை ஓட்டினாள். மீன் செதில் போல அடுக்கடுக்காய் அத்தனை அழகு. பார்க்க வந்த மெக்கானிக்குகள் தடவிப் பார்த்துவிட்டு, "யானை கட்டலாம்க்கா இதுல" என்றார்கள். அவள் முகம் மலர்ந்துபோனது.

போட்டிக்கு முந்தின நாள் காலை, விடுமுறை விட்டிருந்த பள்ளி மைதானத்தில் வண்டியைச் சோதித்தார்கள். நாத்தனார் இருபது சுற்று விரட்டினாள். எஞ்சின் குளவிக் கூட்டம் மாதிரி ரீங்கரித்தது. கடைக்குத் திரும்பியதும் பொறியக்கா கழுத்துப் பகுதியில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்சம் பொறுத்துத் துடைத்து, அதன் மேல் சாக்பீஸ் தூளைப் பூசினாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைத் தூளில் கறுப்புக் கோடாய் எழுந்துவிடும்.

ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. ஆறாவது நிமிடம் தகட்டின் ஓரத்தில், குழாயின் மேல், விரல் நகம் நீளத்துக்கு ஒரு கோடு எழுந்தது.

பொறியக்காவின் கையிலிருந்த துணி நழுவியது. "முடிஞ்சுது" என்றாள். "அந்தச் சுத்தியல் சொன்னது சரிதான். இந்தக் கையால எதையும் பத்தவைக்கக் கூடாது."

மடங்காத காலை இழுத்துக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போன கணவர், ஒரு பிஸ்கட் டின்னோடு திரும்பினார். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு இரும்புத் துண்டு. பதினோரு வருடத்துக்கு முன் முறிந்த கழுத்து.

"இதை... வச்சிருந்தீங்களா?"

"நல்லாப் பாரு. எங்க முறிஞ்சிருக்கு?"

அவள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அன்று அவள் தகடு வைத்துப் போட்ட வெல்டிங் வரிசை அப்படியே இருந்தது. ஒரு செதில்கூட உதிரவில்லை. அதற்கு அரை விரற்கடை தள்ளி, வெறும் குழாய்தான் முறிந்திருந்தது. இதோ, இன்று கறுப்புக் கோடு எழுந்த அதே இடம்.

"என் எஞ்சின் உதறின உதறல்லதான் குழாய் போச்சுன்னு நினைச்சேன்" என்றார் அவர். "இதைக் காட்டினா, 'உங்க எஞ்சின்தான் உங்க காலை உடைச்சுது'ன்னு நீ சொல்லிடுவியோன்னு பயம்."

"பதினோரு வருஷங்க! பதினோரு வருஷமா என் கையை நானே வெறுத்துக்கிட்டு இருந்தேனே, உங்களுக்குத் தெரியலையா?"

"நீ ஒரு நாளும் வாயைத் திறக்கலையேம்மா. கேட்டு செய்யறதே போதும்னு இருக்கியோன்னு நினைச்சுட்டேன்."

அழுவதா, அவர் தலையில் அந்த டின்னைக் கவிழ்ப்பதா என்று தெரியாமல் அவள் நின்றாள். நாத்தனார்தான் பேசினாள். "அண்ணி, சண்டையை நாளைக்குச் சாயங்காலம் வச்சுக்கலாம். இப்ப இது ஏன் முறியுதுன்னு சொல்லுங்க."

பொறியக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பழைய துண்டையும் புது விரிசலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல விளங்கியது.

"எஞ்சின் உதறத்தான் செய்யும். அந்த உதறலை வாங்கிக்கக் குழாய் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும். நான் வளைய விடவே இல்ல. பயத்துல இரும்பு மேல இரும்பா வச்சுப் பூட்டிட்டேன். தகடு வளையாது. அது முடியற இடத்துல இருக்கிற குழாய் மொத்த உதறலையும் தனியா வாங்கிச் சாகுது." மூச்சை இழுத்து விட்டாள். "தப்பு என் கையில இல்ல. என் பயத்துல."

பிறகு அவள் செய்ததைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர்கள் பதறிப் போனார்கள். யானை கட்டலாம் என்று மெக்கானிக்குகள் புகழ்ந்த அந்தச் செதில் வரிசையை, தகட்டோடு சேர்த்து, கிரைண்டரை எடுத்து அவளே அறுத்துத் தள்ளினாள். விரிசலின் இரு முனையிலும் ஊசித் துளை போட்டு, அது மேலே ஓடாமல் நிறுத்தி, நடுவில் பற்றவைத்து மூடினாள். பழைய தகட்டில் பாதி கனமே உள்ள புதுத் தகட்டை, நடுவில் அகன்று இரு முனையிலும் ஒடுங்கும் இலை வடிவத்தில் வெட்டி, நடுவே வட்ட ஓட்டை போட்டு, முனைகளைத் தொடாமல் பக்கங்களை மட்டும் பற்றவைத்தாள். வெயில் சாய்வதற்குள் வேலை முடிந்தது.

மறுநாள் மைதானத்தில் சுத்தியல் வந்தார். தலை நரைத்திருந்தது, சுத்தியல் மட்டும் அதேதான். குனிந்து பார்த்தார்.

"என்ன இது, தகடு இத்துனூண்டு இருக்கு?"

"தேவையான அளவு இருக்கு" என்றாள் பொறியக்கா.

அவர் தட்டினார். ணங் என்று மணி மாதிரி ஒலித்தது. விண்ணப்பத் தாளைப் புரட்டினார். "ஃப்ரேம் வேலை செஞ்சவர் பேரு எழுதற இடம் காலியா இருக்கே. யாரு செஞ்சது?"

"நான்தான். கரண்டி பிடிக்கிற கைதான்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. "ஓட்டம் முடிஞ்சு வண்டி முழுசா வரட்டும். பேரை அப்புறம் எழுதிக்கலாம்" என்று தாளை மடித்துக்கொண்டு போனார்.

பந்தயத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லை. லாரி மறைவில் உட்கார்ந்து, சாக்பீஸ் தூள் டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக் காதால் மட்டும் எண்ணினாள். பதினைந்து வண்டிச் சத்தத்தில் தன் வீட்டு எஞ்சினை அவளுக்கா தெரியாது? ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது சுற்று... அந்த ரீங்காரமும் கடந்து போனது. ஐந்து. ஆறாவது சுற்றில், வளைவுக்கு அந்தப் பக்கம், சத்தம் சட்டென்று அறுந்தது.

கூட்டம் "ஐயோ" என்றது.

அடுத்த நொடி அதே ரீங்காரம் திரும்பவும் எழுந்தது, முன்னைவிட உரக்க. முன்னால் ஒருவன் சறுக்கி விழ, நாத்தனார் ஆக்ஸிலேட்டரை விட்டு, அவனை விலகிக்கொண்டு மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறாள். வண்டி ஆளுயரம் எழும்பி விழுந்து, அந்த முழு அடியையும் கழுத்துக் குழாய் வாங்கி, அப்படியே ஓடியிருக்கிறது. விழுந்தவனும் எழுந்து நின்றுவிட்டான். ஏழு. எட்டு.

வண்டி வந்து நின்றதும் பொறியக்கா பாய்ந்தாள். துடைத்தாள், மண்ணெண்ணெய் தடவினாள், துடைத்தாள், தூளைப் பூசினாள்.

"அண்ணி, ரெண்டாவதா வந்திருக்கேன் அண்ணி! பஸ்ஸுக்காரி ரெண்டாவது! ஒருத்தன் நான் முந்தும்போது வாயைப் பொளந்தான் பாருங்க..."

"சும்மா இரும்மா!"

"கட்டிப் பிடிப்பீங்கன்னு பாத்தா..."

சுத்தியல் வந்து குந்தி உட்கார்ந்தார். கணவர் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றார். ஐந்து நிமிடம். ஆறு. பத்து. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

சுத்தியல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தார். பிறகு தாளை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"பேரைச் சொல்லும்மா."

"பொறியக்கான்னே எழுதுங்க. அப்பத்தான் எல்லாருக்கும் தெரியும்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கணவர் தோளைப் பிடித்தார். "பிஸ்கட் டின் சண்டை இன்னும் பாக்கி இருக்குங்க" என்றாள் அழுகைக்கு நடுவே.

அந்த வண்டியை ஒரு மாதம் கழுவ விடவில்லை அவள். சாக்பீஸ் பூச்சோடு கடை வாசலிலேயே நிறுத்தியிருந்தாள். கேட்டு செய்யச் சொல்லி வருகிறவர்கள், "என்னம்மா இது, கழுத்துல வெள்ளையா?" என்று விசாரித்தால், கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வருவாள்.

"கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. நல்லாப் பாருங்க. ஒண்ணும் தெரியலல்ல? ஒண்ணுமே இல்ல பாருங்க!"