பூ ஏலக்காரர் பல்லும் என் உத்தரவும்

பல் டாக்டர் தொழில்ல ஒரு சௌகரியம் உண்டு: நாம திட்டும்போது எதிராளி வாய் திறந்துதான் இருக்கும், ஆனா பதில் பேச முடியாது. சங்கரன்கோவில்ல பதினாறு வருசமா அந்தச் சௌகரியத்தை நல்லாவே அனுபவிச்சவ நான். ஐஸ் தண்ணி பட்டதும் சுருக்குனு இழுத்துக் கண்ணுல தண்ணி வர்ற என் சக சங்கடக்காரங்களே, இது உங்களுக்காகத்தான். சொத்தை ஒண்ணுதான் பல்லுக்கு எதிரின்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். ஒரு சொத்தைகூட இல்லாம, சோப்புக்கட்டி மாதிரி பல்லு தேய்ஞ்சே போறதும் உண்டு. அதுல என் கண்ணைத் திறந்துவிட்டது ஒரு புருஷன் பொண்டாட்டி.

நார் கிழிக்கிற பல்லு

பொண்டாட்டிதான் முதல்ல வந்தா. பேரு கோமதி, பனவடலிசத்திரத்துக்காரி. மேல் முன்பல்லுல ஒண்ணு, அரத்தால ராவுன மாதிரி பள்ளமா இருந்தது. பல்லைப் பார்த்தே தொழிலைச் சொல்லிருவேன்னு எனக்கு ஒரு மண்டைக்கனம் உண்டு. "டெய்லர்தானே? நூலைப் பல்லாலயே கடிச்சு அறுத்திருக்க" ன்னேன். "இல்லம்மா, பூ கட்டுதேன்" னு சிரிச்சா. வாழைநாரைப் பல்லுல கவ்விக் கிழிச்சு இழையாக்குவாளாம். தினமும் அதே பல்லு, அதே இடம். பின்ன தேயாம என்ன செய்யும்?

கத்தரிக்கோலு வச்சுக்கிட்டா நீ குறைஞ்சா போயிருவன்னு சத்தம் போட்டேன். அவ பாட்டுக்குப் பையில இருந்து நாரையும் பிச்சிப்பூவையும் எடுத்து என் கண்ணு முன்னாலேயே கட்ட ஆரம்பிச்சா. யம்மாடி, அந்த விரலு ஓடுன ஓட்டம்! நான் அடுத்து என்ன திட்டணும்னே மறந்துட்டேன். கட்டி முடிச்ச சரத்தை மேஜையில வச்சுட்டுச் சொன்னா: "கத்தரிய எடுத்துக் கீழ வைக்கதுக்குள்ள நான் ஒரு முழம் கட்டிருவேன் டாக்டரம்மா. எம் பல்லு கிடக்கட்டும், எங்க வீட்டு ஆளு பல்லைக் கொஞ்சம் பாருங்க."

மூணு வேளை துலக்குறவர்

மறுநாள் அந்த ஆளைக் கையோட கூட்டிட்டு வந்துட்டா. சங்கரபாண்டி அண்ணாச்சி. பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடையில ஏலம் கூறுறவரு. வாயைத் திறக்கச் சொன்னா, பகீர்னு ஆயிட்டு. முன்பல் ஓரமெல்லாம் கண்ணாடியா மெலிஞ்சு, கடவாய்ப் பல்லு மேல குழி விழுந்து கிடக்கு. சோடா குடிப்பியளா? இல்லை. நெஞ்சு எரிச்சல், புளிச்ச ஏப்பம்? இல்லை. ஒழுங்காப் பல்லு துலக்குவியளான்னு கேட்டதும் மனுஷனுக்கு ரோசம் வந்துட்டு. ஒரு நாளைக்கு மூணு வேளையாம்!

அப்புறந்தான் சங்கதி வெளிய வந்தது. ஏலத்துல தொண்டை வறளாம இருக்க, உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டு ஒண்ணைக் காலையில இருந்து கன்னத்துலயே அடக்கிக்கிடுவாரு. ஏலம் முடிஞ்சதும், வாய் புளிக்குதேன்னு நேரா வீட்டுக்குப் போயி முரட்டு பிரஷ்ஷால அழுத்தித் தேய்ப்பாரு. அங்கனதான் தப்பு. புளிப்பு பட்ட எனாமல் கொஞ்ச நேரம் இளகிக் கிடக்கும். எச்சில் வந்து அதைத் தேத்துறதுக்குள்ள பிரஷ்ஷை வச்சா, வழிச்சு எடுத்துரும். போன எனாமல் திரும்ப முளைக்காது. வெறும் தண்ணியில கொப்பளிச்சுட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு, மெதுவான பிரஷ்ஷால தேய்க்கணும். இதையெல்லாம் நான் மூச்சு விடாமச் சொல்லி முடிச்சதும் அண்ணாச்சி கேட்டாரு: "அழுக்கா இருந்தாலும் திட்டுதிய, சுத்தமா இருந்தாலும் திட்டுதிய. நாங்க எப்படித்தாம்மா இருக்கணும்?"

நான் போட்ட உத்தரவு

தேய்ஞ்ச இடத்துக்கெல்லாம் பல்லு நிறத்துலயே பூச்சு வச்சேன். இனி எலுமிச்சைய வாயில அடக்கவே கூடாதுன்னு கறாராச் சொல்லியும் அனுப்பினேன். தொண்டை வறளாம இருக்க அதுக்குப் பதிலா என்ன செய்யணும்னு மட்டும் நான் சொல்லலை. நான் பல்லு டாக்டர்தானே, தொண்டை என் நினைப்புலயே வரலை.

பத்து நாள் கழிச்சு வந்தாரு. குரல் காத்தா வருது. முகூர்த்த சீசன், கடை நிறைய பூ மூட்டை. மூணாவது மூட்டையிலயே தொண்டை அடைச்சிட்டாம். முதலாளி வேற ஆளைப் பார்த்து வச்சுட்டாரு, வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் தவணை. எனக்கு வெக்கமாப் போச்சு. அன்னைக்கு ஒரே ஒரு எலுமிச்சைத் துண்டு வாயில போட்டிருந்தா அவரு பிழைப்பு தப்பிச்சிருக்கும். "ஏன் அண்ணாச்சி போடலை?" ன்னேன். "நீங்க பாத்துப் பாத்துப் பூசுனது கெட்டுப்போகும்லா. பல்லு உங்க பொறுப்பு, தொண்டை எம் பொறுப்பு டாக்டரம்மா."

வெள்ளிக்கிழமை ஏலம்

எனக்கு மனசு கேக்கலை. வெள்ளிக்கிழமை கிளினிக்கைத் திறக்காம மார்க்கெட்டுக்குப் போயிட்டேன். குருவிகுளத்துப் பக்கம் இருந்து வந்த மல்லிப் பூ மூட்டை மூட்டையா இருக்கு. வெயிலு ஏறுறதுக்குள்ள வித்தாகணும். புது ஆளு தயாரா ஓரமா நிக்கான். அண்ணாச்சி ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுட்டு, பக்கத்து ஆளுகிட்டப் பேசுற மாதிரி மெல்லமா ஏலத்தை ஆரம்பிச்சாரு. "கேக்கலை, கேக்கலை" ன்னு ஒரே கூப்பாடு. அவரு குரலை உசத்தவே இல்லை. ஒரு கை மல்லிய அள்ளித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பேசாம நின்னாரு.

விலை காதுல விழணுமேன்னு முதல்ல முன்வரிசை அடங்குச்சு. பொறவு அதுக்குப் பின்னால நின்னவங்க. "ஒரு தரம்" னு அவரு சொன்னது கடைசியில நின்ன எனக்கே கேட்டது. திருப்பிச் சொல்ல வேண்டிய வேலையே இல்லை, மூட்டை மடமடன்னு போச்சு. ஒவ்வொரு மூட்டைக்கும் நடுவுல ஒரு மடக்குத் தண்ணி, அவ்வளவுதான். முதலாளி புது ஆளை டீ குடிச்சுட்டு ஊருக்குப் போகச் சொல்லிட்டாரு. என்ன மனுஷன்யா இவருன்னு நான் அசந்துபோய் நிக்கேன், பக்கத்துல பூக்கடைக்கார அம்மா ஒருத்தி தலையில கை வச்சுக்கிட்டுச் சொன்னா: "இத்தனை வருசம் இவுகளும் கத்துனாக, நாங்களும் கத்துனோம். இன்னைக்குத்தான் என்ன சொல்லுதாகன்னே காதுல விழுது!"

எத்தனையோ பேரை வாயைத் திறக்க வச்ச எனக்கு, ஒரு மார்க்கெட்டையே வாயை மூட வச்ச ஆளைப் பார்க்கப் பதினாறு வருசம் ஆகியிருக்கு.