சின்னக்குழந்தை காய்ச்சிய கஷாயம்

சின்னக்குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாமி மேல், அவள் மேல், அந்த நாசமாய்ப் போன வேரின் மேல். நான் மலைமேல் இருக்கிற நெல்லிவாசல்நாட்டிலிருந்து கீழே ஆலங்காயத்துக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிற கண்ணாயிரம். அவள் வீடு என் வீட்டுக்குப் பக்கத்து வீடு.

அப்பா முன்னமே போய்விட்டார், அவள் வயதுக்கு வந்த வருஷமே அம்மாவும் செத்துப்போனாள். தூளியில் கிடந்த தம்பி நவீன்குமாரை அவள்தான் வளர்த்தாள். சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போதும் அவன் முதுகில்தான் இருப்பான். கூழ் ஒருத்தருக்குத்தான் காணும் என்றால் தனக்குப் பசியில்லை என்று சொல்லிவிடுவாள். மாதையன் பெண் கேட்டு வந்தபோது, தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று கறாராகச் சொன்னாள். மாதையன் தங்கமான மனுஷன், ஒரு பேச்சு பேசாமல் ஒத்துக்கொண்டான். பையன் படித்து, வாணியம்பாடியில் பைக் மெக்கானிக் ஆனான். லீவு விட்டால் என் ஜீப்பில் ஏறி அக்காவிடம் ஓடி வந்துவிடுவான். மீசை வைத்த ஆளுக்கு நீ ஊட்டிவிடாததுதான் குறை என்று நான் கிண்டல் செய்தால், உனக்கு எங்கே எரிகிறது என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

போன வருஷம் புளி உலுக்குகிற சமயத்தில் மரத்தடியிலேயே மயங்கி விழுந்தாள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து கீமோ கொடுத்தார்கள். முடி கொட்டியது, நோய் அடங்கியது, நாங்களும் சாமிக்குப் பொங்கல் வைத்தோம். மழைக்காலம் முடிவதற்குள் நோய் திரும்பிவிட்டது.

இனி வழக்கமான மருந்து கேட்காது என்று டாக்டர் சகுந்தலா மாதையனையும் நவீனையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். எல்லோர் ரத்தத்திலும் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று ஒரு வகை உண்டாம். கெட்டுப்போன அணுவைக் கண்டால், யார் உத்தரவுக்கும் காத்திராமல் தீர்த்துக்கட்டிவிடுமாம். சின்னக்குழந்தையிடம் அவை சோர்ந்துபோய்விட்டன, தம்பியிடமிருந்து எடுத்து அவளுக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்றார். ஒரு கையில் ரத்தம் எடுத்து, மெஷினில் வேண்டியதை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கையில் திருப்பி ஏற்றிவிடுவார்கள். இது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற சிகிச்சை, பிழைப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். மாதையன் அதைக் காதில் வாங்கவே இல்லை. எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, அவ்வளவுதான்.

நவீனுக்குப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் பொருந்தியது. ஏற்பாடுகள் முடியக் கொஞ்ச நாளாகும், அதுவரை ஊரில் இருங்கள், பையன் குடிக்கக் கூடாது, மாத்திரை எதுவும் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவன் குடிக்கவில்லை. மாத்திரையும் போடவில்லை. ஆனால் எங்கள் மலையில் பிள்ளை பெற்றவளுக்கும் கரடி கிழித்தவனுக்கும் ஒரு வேரைத் தோண்டி, வெல்லம் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பது வழக்கம். போன ரத்தம் ஊறுவதற்கு. நானும் குடித்திருக்கிறேன். அதை மருந்து என்று எங்களில் யாரும் நினைக்க மாட்டோம், அது சோறு மாதிரி. தம்பி உடம்பிலிருந்து ரத்தம் எடுக்கப்போகிறார்களே என்று அவளுக்குப் பதைப்பு. நடக்கத் தெம்பில்லாதவள், மாதையன் தோளைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போய், தானே வேரைத் தோண்டினாள். மற்றவர்கள் நாலைந்து நாளோடு நிறுத்திவிடுவார்கள். இவள் சென்னைக்குக் கிளம்புகிற அன்றுவரை, காலையும் மாலையும், கெட்டியாகக் காய்ச்சி அவனைக் குடிக்கவைத்தாள். அவனும் மடக்மடக்கென்று குடித்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்காளுக்கு மறுபடி கீமோ ஏற்றித் தயார் செய்வதற்கு முன்னால் தம்பிக்கு இன்னொரு தடவை ரத்தம் பார்த்தார்கள். ஈரல் கெட்டிருக்கிறது என்று வந்தது. கண்ணிலும் மஞ்சள் தட்டியிருந்தது. குடித்தாயா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்க, அவன் அம்மா மேல் சத்தியம் செய்தான். கட்டிலில் இருந்த சின்னக்குழந்தைக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவன் ஒண்ணும் குடிக்கல டாக்டரம்மா. நான்தான் ரத்தம் ஊறட்டும்னு வேர்க் கஷாயம் காய்ச்சிக் குடுத்தேன்" என்றாள், நல்ல காரியம் செய்தவளாக.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இந்த நிலைமையில் இவனிடமிருந்து எடுக்க முடியாது, ஈரல் சரியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். மாதையன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். வேறு யாரும் பொருந்துவார்களா என்று கேட்டோம். வேறு ரத்தச் சொந்தம் யாரும் இல்லை. அவள் மகள் பூஜா சின்னப் பெண், அவளிடம் எடுக்க மாட்டார்கள்.

காத்திருந்தோம். நவீனுடைய ஈரல் கோளாறு ஒவ்வொரு பரிசோதனையிலும் கொஞ்சம் இறங்கியது. அவளுடைய நோய் அதைவிட வேகமாக ஏறியது. காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. அவன் ஈரல் முழுக்கச் சரியாகிவிட்டது என்ற அன்று காலையில்தான், அவள் உடம்பு இனி இந்தச் சிகிச்சையைத் தாங்காது, ஊருக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

நவீன் நேராக ரத்தம் எடுக்கிற அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். "இப்ப நல்லாத்தான கீது, எடுத்துக்கோங்க" என்று நர்ஸிடம் கெஞ்சினான். அந்தப் பெண் அழுதுவிட்டாள். நான்தான் அவனை அதட்டி எழுப்பி, முகம் கழுவவைத்து, அக்காளிடம் கூட்டிப்போனேன்.

அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தம்பிக்குச் சரியாகிவிட்டது என்பது மட்டும் எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. அவனைக் கிட்டே வரச் சொல்லி, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். மஞ்சள் இல்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எப்ப எடுக்கறாங்களாம்?" என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். மாதையனைப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"நாளைக்குக்கா" என்றான்.

"அப்ப வவுறு நெறையச் சாப்டு. வெறும் வவுத்தோட போய்ப் படுத்துக்காத" என்றாள்.

நான் கேன்டீனுக்குப் போய்ச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கி வந்தேன். அவன் அவள் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு பருக்கை மீதம் வைக்காமல் தின்றான். இன்னொன்று வாங்கிக் கொடு அண்ணா என்று அவள் என்னிடம் சொன்னாள். அதையும் தின்றான்.