வெயிலில் பார்த்த நூல்

துணிக்கு ஏற்ற நூலைத் தையல்காரி கடைக்குள் நின்று தேர்ந்தெடுக்க மாட்டாள். டியூப்லைட் வெளிச்சம் பொய் சொல்லும் என்பாள். துணியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். போன வருஷம் அப்படிப் பார்த்துக்கொண்டே ஓரடி கூடுதலாக இறங்கிவிட்டாள். தெருவில் பறந்து வந்த வேன் அவளைத் தூக்கி எறிந்தது. வலது கால் போனது போனதுதான். மிதிக்க முடியாமல் இப்போது மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருக்கிறாள்.

அந்த ஓரடியைப் பற்றி ஒரே ஒருவனிடம்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சோறு ஊட்டிய தம்பியிடம்.

"என் மேலயும் தப்பு இருக்குடா" என்று அழுதாள்.

"நமக்குள்ளயே இருக்கட்டும்க்கா" என்று தலையைத் தடவிவிட்டான்.

நடமாட ஆரம்பித்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். தெருவில் வேகத்தை முப்பதாகக் குறைக்க வேண்டும் என்று எல்லோரையும் நச்சரித்து, ஒருவழியாகப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட வைத்தாள். கவுன்சிலர் நடுநிலையாக, அதாவது எந்தப் பக்கம் ஆள் அதிகம் என்று நோட்டம் விட்டபடி, உட்கார்ந்திருந்தார். அவள் பேசி முடித்ததும் பல தலைகள் ஆடின.

அப்போது தம்பி எழுந்தான். பார்சல் வண்டி ஓட்டுகிறவன். முப்பதில் போனால் பிழைப்பு ஓடாது என்பான், அது அவளுக்குத் தெரியும். அதோடு நிறுத்தியிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

"வண்டிக்காரங்க மேலயே பழி போடாதீங்க. அக்கா நூல் கலர் பாத்துக்கிட்டே நடுரோட்டுக்கு வந்துட்டாங்க. அவங்களே எங்கிட்ட சொன்னாங்க."

நடுரோடாம்! ஹாலே அவள் பக்கம் திரும்பியது. பெற்றவளிடம்கூடச் சொல்லாததை இவனிடம் சொல்லியிருந்தாளே, படுபாவி! கை தூக்கச் சொன்னபோது, காலையில் "நான் உங்க பக்கம்தான்" என்ற எதிர்வீட்டுக்காரிகூடக் கையை மடியிலேயே வைத்திருந்தாள். முப்பது தோற்றது.

வெளியே தம்பி வண்டியை அவளருகே கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்தான்.

"ஏறுக்கா, கால் வலிக்கும். எங்க ஆளுங்க எல்லாம் என்னைத்தான் பேசச் சொன்னாங்க. நான் என்ன பண்றது?"

"நீ போடா. என்னைய ஏத்தி இறக்கினா உனக்கு லேட்டாகும்."

அவன் கதவைச் சாத்தினான். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்பும் வரை அவள் ரோட்டில் காலை வைக்கவில்லை.